புண்தான் ஆறிவிட்டதே, பிறகு எதற்கு ஆபரேஷன்?

கேள்வி: என் அப்பாவுக்கு 58 வயது. மன்னார்குடி பக்கம் விவசாயம் செய்கிறார். மலத்தோடு ரத்தம் போனதை மூலம் என்று நினைத்து எட்டு மாதம் மருந்து சாப்பிட்டார். பிறகுதான் பயாப்ஸியில் மலக்குடல் புற்றுநோய் என்று தெரிந்தது. கட்டி ஆசனவாயிலிருந்து 3 செ.மீ. உயரத்தில் இருந்தது. 28 நாள் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தார்கள், கூடவே மாத்திரையும் கொடுத்தார்கள். முடிந்து எட்டு வாரம் ஆகிறது. இப்போது எடுத்த எம்.ஆர்.ஐ.யிலும், குழாய் விட்டுப் பார்த்ததிலும் கட்டி தெரியவில்லையாம். ஆனாலும் ஆசனவாயை எடுத்துவிட்டு வயிற்றில் நிரந்தரமாகப் பை வைக்க வேண்டும் என்கிறார் மருத்துவர். சிங்கப்பூரில் இருக்கும் தம்பி, ஊசி மருந்திலேயே எல்லோருக்கும் குணமானதாக ஒரு நியூயார்க் செய்தியை அனுப்பி, ‘காசுக்காக அறுக்கிறார்கள், ஒத்துக்கொள்ளாதே’ என்கிறான். அப்பாவிடம் நாங்கள் புற்றுநோய் என்று சொல்லவில்லை. குடலில் புண் என்றுதான் சொல்லியிருக்கிறோம். அவர், ‘புண்தான் ஆறிவிட்டதே, பிறகு எதற்கு ஆபரேஷன்?’ என்று கேட்கிறார். என்ன செய்வது?
— பெயர் வேண்டாம், திருவாரூர் மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் மருத்துவர், தம்பி, அப்பா என்று மூன்று பேர் பேசுகிறார்கள். மூவரில் அப்பா பேசுவதுதான் எனக்கு ஆக நியாயமாகப் படுகிறது. அவருக்குச் சொல்லப்பட்டது புண். அது ஆறிவிட்டது என்றும் சொல்லிவிட்டார்கள். பிறகு யார்தான் அறுத்துக்கொள்ளச் சம்மதிப்பார்கள்? அவரிடம் கடைசியில் வருகிறேன். முதலில் மருத்துவர்.

காசுக்காக அறுக்கிறவர்களே கிடையாது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். இருபது வருடத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருக்கிறேன், பார்த்திருக்கிறேன். ஆனால் உங்கள் மருத்துவர் சொன்னது பாடப் புத்தகத்தில் உள்ளது. அது எப்படிப் புத்தகத்துக்குள் வந்தது என்று தெரிந்தால்தான், எங்கே அதைத் தளர்த்தலாம் என்பதும் தெரியும்.

லண்டனில் எர்னஸ்ட் மைல்ஸ் என்று ஓர் அறுவை நிபுணர் இருந்தார். அக்கால வழக்கப்படி கீழ்வழியாக மட்டும் கட்டியை எடுத்துவந்தார். அப்படிச் செய்த 57 பேரில் 54 பேருக்கு நோய் திரும்பியது. இறந்தவர்களின் உடல்களைத் திறந்து நோய் எங்கே மிஞ்சியது என்று தேடிப் பார்த்துவிட்டு, வயிற்று வழியாகவும் கீழ்வழியாகவும் சேர்த்து மலக்குடலை ஆசனவாயோடு முழுவதுமாக எடுக்கும் முறையை 1908இல் எழுதினார். உங்கள் அப்பாவுக்குச் சொல்லியிருப்பது அதன் வழிவந்த ஆபரேஷன்தான்.

அப்படி எடுத்தும் பலருக்கு இடுப்புக்குள் நோய் திரும்பிக்கொண்டே இருந்தது. காரணத்தைக் கண்டு சொன்னவர் பில் ஹீல்ட். இங்கிலாந்தில் பேசிங்ஸ்டோக் என்ற ஊர் மருத்துவமனையில் வேலை பார்த்தவர். மலக்குடலைச் சுற்றி ஒரு கொழுப்புப் பொதி உண்டு. நிணநீர்க் கணுக்கள் அதற்குள்தான் இருக்கின்றன. பொதியைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு. கையை உள்ளே விட்டு வேகமாகப் பிய்த்தெடுத்தால் சவ்வு கிழியும், கிழிந்த இடத்தில் புற்றுசெல்கள் தங்கும். கண்ணால் பார்த்துக்கொண்டே சவ்வுக்கு வெளிப்புறமாக அறுத்துப் போனால் பொதி உடையாமல் வெளியே வரும். கறிக்கடையில் தொடைச் சதைகளைப் பிரிக்கும்போது நடுவில் நூலாம்படைபோல வெள்ளையாக ஓர் இழை தெரியும் அல்லவா? கத்தி பட்டாலும் அங்கே ரத்தம் வராது. ஹீல்ட் 1982இல் எழுதிக் காட்டிய தளம் அப்படிப்பட்டது. இன்றைக்கும் அந்தத் தளத்துக்குள் சரியாக இறங்கிவிட்டால்தான் எனக்கு மூச்சு சீராகும்.

கரண்ட் பிறகு வந்து சேர்ந்தது. நெதர்லாந்தில் 1,861 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆபரேஷனுக்கு முன் ஐந்து நாள் கதிர்வீச்சு கொடுத்தார்கள். ஹீல்ட் முறையில் ஆபரேஷன் மட்டும் செய்துகொண்டவர்களில் 8.2 சதவீதம் பேருக்கு இரண்டு ஆண்டுக்குள் அதே இடத்தில் நோய் திரும்பியது. கதிர்வீச்சும் பெற்றவர்களில் அது 2.4 சதவீதம். 2001இல் வந்த முடிவு இது. கதிர்வீச்சையும் மருந்தையும் ஆபரேஷனுக்குப் பின் கொடுப்பதைவிட முன்னால் கொடுப்பதே மேல் என்று 2004இல் ஜெர்மானியர்கள் காட்டினார்கள். உங்கள் அப்பாவுக்கு முதலில் கரண்ட், பிறகு ஆபரேஷன் என்று வரிசை போட்டது இதனால்தான்.

இப்படிக் கரண்ட் வைத்து, சில வாரம் பொறுத்து, குடலை எடுத்து நோயியல் ஆய்வகத்துக்கு அனுப்பத் தொடங்கிய பிறகு ஒரு சங்கடம் முளைத்தது. அங்கே குடலை மெல்லிய சீவல்களாகச் சீவி, ஒவ்வொன்றையும் நுண்ணோக்கியில் தேடுவார்கள். ஏறக்குறைய ஆறேழு பேரில் ஒருவருக்கு, ‘புற்றுசெல் எதுவும் இல்லை’ என்று அறிக்கை வரும். வயிற்றில் பையோடு எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் அதைப் படித்துக் காட்டி ‘நல்ல செய்தி’ என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். நல்ல செய்திதான். ஒருவர் மட்டும், “அப்படியென்றால் எடுக்காமலே விட்டிருக்கலாமோ ஐயா?” என்று கேட்டார். முன்கூட்டியே தெரிய வழியில்லை என்றேன். அந்தப் பதில் அன்றைக்குப் பாதிதான் உண்மை. பிரேசிலில் சாவ் பாவுலோ நகரத்தில் ஏஞ்சலிட்டா ஹப்ர்-காமா என்ற அறுவை நிபுணர் அந்த வழியை ஏற்கெனவே தேடத் தொடங்கியிருந்தார்.

சிகிச்சை முடிந்த எட்டு வாரத்துக்குப் பின் அவர் ஒவ்வொரு நோயாளியையும் மீண்டும் சோதித்தார். 265 பேரில் 71 பேருக்குக் கட்டியின் தடமே இல்லை. அந்த 71 பேருக்கும் ஆபரேஷன் செய்யாமல் விட்டு, விடாமல் கண்காணித்தார். 2004இல் அவர் முடிவுகளை வெளியிட்டபோது நம்பியவர்களைவிடச் சந்தேகப்பட்டவர்கள்தான் அதிகம். சந்தேகப்பட்டவர்களில் நானும் உண்டு. பிறகு மற்ற நாடுகளிலும் செய்து பார்த்தார்கள். 15 நாடுகளில் இப்படிக் கண்காணிக்கப்பட்ட 880 பேரின் கணக்கு 2018இல் வெளிவந்தது. அவர்களில் நான்கில் ஒருவருக்கு இரண்டு ஆண்டுக்குள் கட்டி மறுபடி முளைத்தது. முளைத்தவற்றில் 97 சதவீதம் குடலின் சுவரிலேயே, விரலுக்கோ குழாய்க்கோ எட்டும் இடத்தில் இருந்தன. அமெரிக்காவில் 324 பேரை வைத்துச் செய்த ஆய்வொன்றில், கதிர்வீச்சுக்குப் பிறகு சில மாதம் கீமோ மருந்தும் பெற்றவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் ஐந்து ஆண்டுக்குப் பின்னும் மலக்குடலை இழக்காமல் இருந்தார்கள். மறுபடி முளைத்ததும் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், தொடக்கத்திலேயே செய்துகொண்டவர்களைவிட மோசமாகப் போய்விடவில்லை.

இதற்கு எதிரான கணக்கையும் சொல்லாமல் விட்டால் நான் உங்கள் தம்பியின் கட்சியாகிவிடுவேன். நியூயார்க்கில் ஒரே மையத்தில் கண்காணிக்கப்பட்ட 113 பேரில் 22 பேருக்குக் கட்டி திரும்பியது. அந்த 22 பேரில் 36 சதவீதம் பேருக்கு நோய் வேறு உறுப்புகளுக்கும் பரவியது. திரும்பாதவர்களில் பரவியது 1 சதவீதம் பேருக்குத்தான். காத்திருந்ததால் பரவியதா, பரவும் குணமுள்ள நோய்தான் திரும்பவும் வந்ததா என்பதில் எங்களுக்குள் இன்னும் வாதம் தீரவில்லை. உங்கள் மருத்துவர் இதை மனத்தில் வைத்துக்கொண்டு ‘எடுத்துவிடுவோம்’ என்று சொல்லியிருந்தால் அதைக் காசாசை என்று சொல்வது அநியாயம்.

தம்பி அனுப்பிய செய்தி பொய்யில்லை. 2022 ஜூனில் வந்தது அது. டோஸ்டார்லிமாப் என்ற மருந்தை மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆறு மாதம் ஏற்றியதில் 12 பேருக்கு 12 பேரும் கட்டி மறைந்தது. கரண்ட் இல்லை, கத்தியும் இல்லை. பிறகு அந்த எண்ணிக்கை 49 ஆனது. 49 பேருக்கும் மறைந்தது. என் வாழ்நாளில் இப்படி ஒரு முடிவைப் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை. ஆனால் அவர்கள் எல்லோருக்கும் இருந்தது மலக்குடல் புற்றுநோயில் ஒரு தனி ரகம். செல் பிரியும்போது மரபணுவில் விழும் எழுத்துப் பிழைகளைத் திருத்தும் புரதங்கள் நம் உடலில் உண்டு. அவை வேலை செய்யாத கட்டிகளில் பிழைகள் குவிந்துகிடக்கும். அதனால் நோய் எதிர்ப்புச் சக்தி அவற்றை அந்நியன் என்று எளிதில் அடையாளம் கண்டுகொள்கிறது. இந்த மருந்து அதன் கைக்கட்டை அவிழ்த்துவிடுகிறது, அவ்வளவுதான். மலக்குடல் புற்றுநோயாளிகளில் இந்த ரகம் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் இருக்கும். மற்றவர்களுக்கு இந்த ஊசி மட்டும் போட்டால் அப்படிப் பலன் கிடைப்பதில்லை. இதே வகை மருந்துகள் இந்தியாவிலும் கிடைக்கின்றன. முழுச் சுற்றுக்குப் பல லட்சம் ஆகும்.

அப்பா எந்த ரகம் என்று கண்டுபிடிக்கச் சில ஆயிரம் ரூபாயில் ஒரு சோதனை இருக்கிறது. கட்டிதான் மறைந்துவிட்டதே, எதை வைத்துச் சோதிப்பது என்று நினைக்காதீர்கள். முதலில் பயாப்ஸி எடுத்தபோது அந்தச் சதைத் துணுக்கைச் சிறு மெழுகுக் கட்டிக்குள் பதித்திருப்பார்கள். தீப்பெட்டியைவிடச் சிறியது. அது இப்போதும் அந்த ஆய்வகத்து அலமாரியில் எண் போட்டு இருக்க வேண்டும். பயாப்ஸி அறிக்கையை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். மருத்துவரிடம் ‘மிஸ்மேட்ச் ரிப்பேர் பரிசோதனை’ என்று சொன்னால் புரிந்துகொள்வார். இந்த முடிவு உங்களுக்கும் தம்பிக்கும்கூட வேண்டியது. அந்த ரகமாக இருந்தால் அது பரம்பரையாக வந்ததா என்று மேலே பார்க்க வேண்டும். சில குடும்பங்களில் பிள்ளைகளுக்கு இருபது, இருபத்தைந்து வயதிலிருந்தே பெருங்குடலைச் சோதிக்க வேண்டியிருக்கும். அந்த ரகம் இல்லையென்றாலும், அப்பாவுக்கு இருந்ததால் நீங்கள் இருவரும் நாற்பது வயதிலிருந்து கொலனோஸ்கோப்பி (பெருங்குடலைக் குழாய் விட்டுப் பார்ப்பது) செய்துகொள்ளத் தொடங்க வேண்டும். தம்பியிடம் இதையும் சொல்லுங்கள். செய்தி அனுப்புகிறவர்கள் இதைச் செய்துகொள்ள மாட்டார்கள்.

இனி, அப்பாவின் கட்டி உண்மையிலேயே முழுதாக மறைந்துவிட்டதா என்ற கேள்வி. ஸ்கேன் அறிக்கையில் ‘தெரியவில்லை’ என்றிருப்பது மட்டும் போதாது. குழாய் விட்டுப் பார்க்கும்போது கட்டி இருந்த இடம் தட்டையாக, வெளிறிய தழும்பாக, மேலே மெல்லிய சிவப்பு இழைகளாக நாளங்கள் ஓட இருக்க வேண்டும். விரல் விட்டுத் தடவினால் கன்னத்தின் உட்புறம்போல வழவழப்பாக இருக்க வேண்டும். சிறு முடிச்சோ, குழியோ, விறைப்போ தட்டுப்பட்டால் அது முழு மறைவு ஆகாது. 3 செ.மீ. என்பது விரலுக்கு நன்றாக எட்டும் இடம்; கெட்டதிலும் ஒரு நல்லது. எனவே மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியது, “உங்கள் விரலுக்கு என்ன தட்டுப்பட்டது?” என்பதுதான். அந்த இடத்திலிருந்து மறுபடி பயாப்ஸி எடுத்து ‘ஒன்றும் இல்லை’ என்று வந்திருந்தால் அதை வைத்து நிம்மதி அடைய வேண்டாம். மிஞ்சிய செல்கள் மேல்தோலில் இல்லாமல் அடியில் தசைக்குள் ஒளிந்திருக்கலாம். இடுக்கிக்கு அங்கே எட்டாது.

எட்டு வாரத்தில் தீர்ப்பு எழுதிவிட வேண்டிய அவசரமும் இல்லை. கதிர்வீச்சின் வேலை அது முடிந்த பிறகும் சில வாரம் தொடரும். இன்னும் நான்கைந்து வாரம் கழித்து மறுபடி விரலாலும் குழாயாலும் எம்.ஆர்.ஐ.யாலும் பார்க்கலாமா என்று கேளுங்கள். மார்புக்கும் வயிற்றுக்கும் சி.டி. எடுத்திருக்கிறார்களா, கரண்டுக்குப் பிறகு கீமோ கொடுக்கும் எண்ணம் உண்டா என்பதை நீங்கள் எழுதவில்லை, இரண்டையும் கேளுங்கள். பயாப்ஸி அறிக்கையில் ‘சிக்னெட் ரிங்’ என்ற சொல் இருக்கிறதா என்றும் பாருங்கள். நுண்ணோக்கியில் கல் வைத்த மோதிரம்போலத் தெரியும் செல்கள் அவை. நம் நாட்டில் இளவயது நோயாளிகளிடம் கூடுதலாகக் காணப்படும் முரட்டு ரகம். அந்தச் சொல் இருந்தால் நானே காத்திருக்கத் தயங்குவேன்.

இவை எல்லாம் சாதகமாக வந்தால் ஆபரேஷன் இல்லாமல் கண்காணிப்பது என்பது இன்றைக்கு முறையான ஒரு வழி. அதற்கு மருத்துவரிடமும் ஒரு தகுதி வேண்டும். இப்படி எத்தனை பேரைக் கண்காணிக்கிறீர்கள், திரும்பி வந்தால் எத்தனை நாளில் ஆபரேஷன் செய்வீர்கள் என்று கேளுங்கள். நேர்மையானவர், தமக்கு இதில் பழக்கமில்லை என்றால் அப்படியே சொல்லி, பழக்கமுள்ள பெரிய மையத்துக்குக் கடிதம் கொடுப்பார். வாங்கிக்கொள்ளுங்கள். அதில் அவருக்கு அவமானம் எதுவும் கிடையாது.

பையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் வீட்டில் நோயைவிடப் பைக்குத்தான் அதிகம் பயப்படுகிறீர்கள் என்று தோன்றுகிறது. இடப்பக்கம் இடுப்புக்குச் சற்று மேலே, ரோஜா நிறத்தில், தொட்டால் வலிக்காத ஒரு சிறு வாய். தோலில் ஒட்டும் வட்டத்தைச் சில நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பை வைத்துக்கொண்டு நாற்று நடுகிறவர்களையும் டிராக்டர் ஓட்டுகிறவர்களையும் எனக்குத் தெரியும். தினம் ஒரு நேரத்தில் அந்த வாய் வழியாகத் தண்ணீர் ஏற்றிக் குடலைக் கழுவிவிட்டால் அன்று முழுவதும் பை இல்லாமலே திரியலாம். பழகிக்கொண்டவர்கள் அதைத்தான் விரும்புகிறார்கள். இந்த ஆபரேஷனில் என்னைக் கவலைப்படுத்துவது வேறு. கதிர்வீச்சு பட்ட கீழ்ப்பகுதிக் காயம் ஆற மாதக்கணக்கில் ஆகலாம். சிறுநீர் பிரிவதிலும் தாம்பத்தியத்திலும் குறை வரலாம். 58 வயதுக்காரரிடம் இதைப் பிள்ளைகள் முன்னால் யாரும் பேசுவதில்லை, அவரும் கேட்பதில்லை. மலக்குடலை அப்படியே விட்டுவைத்தாலும் அது பழைய மலக்குடலாக இருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கரண்ட் பட்ட குடல் அவசரப்படுத்தும், சில நாள் ரத்தமும் காட்டும்.

கண்காணிப்பு என்பது ஆபரேஷனைவிட நீண்ட வேலை. முதல் இரண்டு ஆண்டும் நான்கு மாதத்துக்கு ஒருமுறையாவது விரல் பரிசோதனையும் குழாய்ப் பரிசோதனையும். பல இடங்களில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்வோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. இடையில் ரத்தப் பரிசோதனை. அடுத்த மூன்று ஆண்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஆகக் குறைந்த கணக்கில் பன்னிரண்டு தடவை மன்னார்குடியிலிருந்து பஸ் ஏற வேண்டும். உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாத மனிதர், சம்பா அறுவடை நடக்கும்போது, ஆறிப்போன புண்ணைக் காட்டவா பஸ் ஏறுவார்?

பல வருடங்களுக்கு முன் ஒரு நெசவாளரைக் கண்காணிப்பில் வைத்திருந்தேன். அறுபதைத் தொடும் வயது. கட்டி சுத்தமாக மறைந்திருந்தது. அவரிடமும் புண் என்றுதான் சொல்லியிருந்தார்கள். மகன் வாசலில் கையெடுத்துக் கும்பிட்டு, “அந்தப் பேரை மட்டும் அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள் டாக்டர்” என்றார். நானும் சரி என்றேன். நான்கு முறை ஒழுங்காக வந்தார். அடுத்த முறை பேத்திக்குக் காதுகுத்து. அதற்கடுத்து ஒரு பாவு முடிக்க வேண்டியிருந்தது. பதினான்கு மாதம் கழித்து, உட்கார முடியவில்லை என்று வந்தபோது நோய் வால் எலும்புக்குள் இறங்கியிருந்தது. கத்தி வைக்க இடமில்லை. விஷயத்தை அன்றைக்குத்தான் அவருக்குச் சொன்னோம். அவர் மகனைத் திட்டவில்லை. என்னைப் பார்த்து, “முதலிலேயே சொல்லியிருந்தால் வந்திருப்பேனே ஐயா” என்றார். அதற்குப் பிறகு, பெயரை மறைக்கச் சொல்லும் எந்தக் குடும்பத்துக்கும் நான் கண்காணிப்பைப் பரிந்துரைப்பதில்லை. அப்பாவிடம் சொல்ல முடியாது என்றால் உங்கள் மருத்துவர் சொல்லும் ஆபரேஷனே அவருக்குப் பாதுகாப்பு என்பது என் கருத்து. ஆனால் அதற்கும் அவர் கையெழுத்துப் போட வேண்டும். புண்ணுக்கு ஆசனவாயை எடுக்க அவர் எதற்குக் கையெழுத்துப் போடுவார்?

ஆகவே அடுத்த முறை மருத்துவரைப் பார்ப்பதற்கு முன் அவரிடம் சொல்லிவிடுங்கள். உங்களால் முடியாவிட்டால் மருத்துவரைச் சொல்லச் சொல்லுங்கள். அம்மாவும் பக்கத்தில் இருக்கட்டும். நோயின் பெயரைச் சொன்ன கையோடு, கட்டி இப்போது கண்ணுக்குத் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடலாம். எத்தனையோ பேருக்கு இரண்டாவதைச் சொல்ல வாய்ப்பே கிடைப்பதில்லை. கேட்டுவிட்டு அவர் ஆபரேஷன் வேண்டும் என்றும் சொல்லலாம், காத்திருக்கலாம் என்றும் சொல்லலாம். அது அவர் குடல்.

அவர் உடைந்துபோவார் என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். 28 நாள் கரண்ட் வைக்கும் அறைக்கு வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர் அவர். பக்கத்தில் தலைமுடி கொட்டியவர்களும், கழுத்தில் மை கொண்டு கோடு போட்டவர்களும் உட்கார்ந்திருப்பார்கள். அறை வாசலில் என்ன சிகிச்சைப் பிரிவு என்று தமிழில் பலகை இருந்திருக்கும். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியும்தானே?